கொடுத்த தலைப்பும் வெட்டிய படமும்

1956-ஆம் ஆண்டு லண்டன் ஒயிட்சேப்பல் கலைக்கூடத்தில் ‘இதுதான் நாளை’ என்றொரு கண்காட்சி நடந்தது. ஓவியர்களும் சிற்பிகளும் கட்டடக் கலைஞர்களும் பன்னிரண்டு குழுக்களாகப் பிரிந்து அதில் பங்கெடுத்தார்கள். அதன் சுவரொட்டிக்கும் கையேட்டுக்குமாக ஓவியர் ரிச்சர்ட் ஹாமில்டன் படங்களை வெட்டி ஒட்டி ஒரு கொலாஜ் செய்தார். அதற்கென ஒரு பட்டியல் போட்டுக்கொண்டார்: ஆண், பெண், உணவு, வரலாறு, செய்தித்தாள், சினிமா, வீட்டுச் சாதனங்கள், கார், விண்வெளி, காமிக்ஸ், தொலைக்காட்சி, தொலைபேசி, தகவல். இவ்வளவும் ஒரே அறைக்குள் வந்தாக வேண்டும். நண்பர் ஜான் மெக்ஹேல் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்திருந்த பத்திரிகைகளில் ஹாமில்டனின் மனைவி டெர்ரியும் தோழி மக்டா கார்டெலும் இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு படம் தேடினார்கள்.

தரை பதிக்கும் நிறுவனம் ஒன்றின் விளம்பரத்தில் வந்த வரவேற்பறைதான் படத்துக்கு அடித்தளம். ‘இன்றைய வீடுகளை இத்தனை மாறுபட்டவையாகவும் இத்தனை கவர்ச்சியாகவும் ஆக்குவது எது?’ என்ற பொருளில் அமைந்த அதன் நீண்ட தலைப்பும் அந்த விளம்பர வாசகத்திலிருந்தே வந்தது. அறையின் கூரையாகப் பூமியின் படம், அதுதான் ‘விண்வெளி’. சுவரில் காதல் காமிக்ஸ் ஒன்றின் அட்டை சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. விளக்கின் மேலுறையில் ஃபோர்டு காரின் சின்னம். ஜன்னலுக்கு வெளியே ஒரு திரையரங்கம். மேசைமேல் டப்பாவில் அடைத்த பன்றி இறைச்சி. தொலைக்காட்சித் திரையில் ஒருத்தி தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கிறாள். பட்டியலின் இரண்டு உருப்படிகள் ஒரே துண்டில் அடங்கிவிட்டன. மொத்தப் படமும் ஒரு சாணைவிடச் சற்றே பெரிது, 26 சென்டிமீட்டர் உயரம்.

பாப் கலையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் படத்திலிருந்து தொடங்குவார்கள். கொலாஜ் செய்கிறவர்கள் அதில் கவனிக்க வேண்டியது அந்தப் பட்டியலை. படம் கிடைத்த பிறகு அதற்கொரு பொருள் தேடுவது ஒரு வழி. பொருளை முதலில் வைத்துக்கொண்டு அதற்கு உடன்படும் படத்தை வேட்டையாடுவது இன்னொரு வழி. இரண்டாவதில் தேடுகிறவரின் கண் கூர்மையாகிறது. ‘கார்’ என்ற சொல் கையில் இருக்கும்போது முழுக் காரையும் ஒட்ட அறையில் இடமில்லை என்று தெரிந்த பிறகுதான் அதன் சின்னத்தை விளக்கில் ஏற்றும் யோசனை பிறக்கும். நெருக்கடி தராத பட்டியலாக இருந்திருந்தால் அந்த விளக்கு வெறும் விளக்காகவே நின்றிருக்கும்.

1992-இல் பிபிசி தொலைக்காட்சி கேட்டுக்கொண்டதன்பேரில் ஹாமில்டன் அதே கேள்வியை மறுபடி எடுத்துக்கொண்டு கணினியில் ஒரு புதிய அறையை உருவாக்கினார். இந்த முறை தசை முறுக்கி நிற்பது ஆண் அல்ல, பெண். ஆண் மேசையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறான். தலைப்பு ஏறக்குறைய அதே. இடையில் முப்பத்தாறு ஆண்டுகள். கத்தரிக்கோல் போய்த் திரை வந்துவிட்டது. பட்டியலின் தேவை மட்டும் குறையவில்லை, கூடியது என்றே சொல்ல வேண்டும்.

ஏன் கூடியது என்பதற்குக் காரணம் கருவியிலேயே இருக்கிறது. ஃபோட்டோஷாப் 1990 பிப்ரவரியில் வெளிவந்தபோது அதில் லேயர் எனப்படும் தனித்தனி அடுக்குகள் கிடையாது. ஒரு படத்தின்மேல் இன்னொன்றை வைத்துத் தேர்வை விட்டுவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். பிறகு பிரிக்க முடியாது. பசை காய்ந்த காகிதத்தின் கண்டிப்பு அதில் இருந்தது. 1994-இல் வந்த மூன்றாம் பதிப்பு லேயரைக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து எந்தத் துண்டும் எங்கேயும் ஒட்டிக்கொள்வதில்லை. மாஸ்க் என்ற மறைப்பில் கறுப்பைத் தடவினால் துண்டு மறைகிறது, வெள்ளையைத் தடவினால் திரும்பி வருகிறது. அதைப் பெரிதாக்கலாம், புரட்டலாம், நாளைக்கு எடுத்துவிடலாம், அடுத்த மாதம் மறுபடி வைக்கலாம். இந்தச் சுதந்திரம் அற்புதமானதுதான். ஆனால் எதையும் எப்போதும் மாற்றலாம் என்ற நிலையில் ஒரு படம் எப்போது முடிகிறது? காகிதக் கொலாஜில் முடிவை ஓரளவு பசை எடுத்தது. திரையில் அந்த முடிவை வேறு ஏதோ ஒன்று எடுத்தாக வேண்டும். தலைப்பும் கெடுவும் கொண்ட சவால்கள் உலகெங்கும் கொலாஜ்காரர்களிடையே இவ்வளவு பரவியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எடின்பரோ கொலாஜ் குழுவும் ஸ்காண்டிநேவியக் கொலாஜ் அருங்காட்சியகமும் சேர்ந்து நடத்தும் ‘ஃபெப்ருலாஜ்’ இவற்றில் பெயர் பெற்றது. பிப்ரவரி மாதம் முழுவதும் நாளுக்கு ஒரு சொல். அன்றைய சொல்லுக்கு அன்றைக்கே ஒரு கொலாஜ். காகிதத்திலும் செய்யலாம், கணினியிலும் செய்யலாம். பரிசு கிடையாது, தேர்வுக் குழு கிடையாது. ஒரே சொல்லுக்கு ஒருவர் அடுக்களையையும் ஒருவர் அண்டவெளியையும் கொண்டுவந்து நிறுத்துவதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்பதுதான் அதன் பயன். ‘கோலாஜ்’ என்ற இதழ் 2018-இல் தொடங்கிவைத்த உலகக் கொலாஜ் நாள் ஒவ்வோர் ஆண்டும் மே மாத இரண்டாம் சனிக்கிழமை வருகிறது. அமெரிக்காவின் பொது எண்ம நூலகமும் நியூசிலாந்தின் எண்ம நூலகமும் 2014-இல் ஆரம்பித்த ‘கிஃப் இட் அப்’ போட்டிக்கு ஒரு கூடுதல் நிபந்தனை உண்டு: எடுத்தாளும் பழம்படங்கள் எல்லாரும் பயன்படுத்தும் உரிமை கொண்டவையாக இருக்க வேண்டும், எங்கிருந்து எடுத்தது என்று சொல்லவும் வேண்டும். மிக நல்ல நிபந்தனை. அதைப் பற்றிப் பிறகு.

தமிழ் வாசகருக்கு இந்த ஏற்பாட்டில் அந்நியமாக எதுவும் இருக்கப்போவதில்லை. ஈற்றடியைக் கொடுத்து வெண்பாவை முடிக்கச் சொல்வது நம் புலவர் சபைகளின் நெடுநாள் பழக்கம். காளமேகப் புலவரின் பெயரில் வழங்கும் தனிப்பாடல்களில் பல, இந்தச் சொல்லில் தொடங்கி அந்தச் சொல்லில் முடி என்று யாரோ மடக்கியதற்குப் பதிலாகப் பிறந்தவை. இரட்டைப் புலவர்களில் ஒருவர் முதல் இரண்டடியைச் சொல்ல மற்றவர் மிச்சத்தைச் சொன்னார் என்பது மரபு. 1925-வாக்கில் பாரிசில் மீயதார்த்தவாதிகள் காகிதத்தை மடித்து மடித்துக் கைமாற்றி, முந்தியவர் வரைந்ததைப் பாராமலே ஆளுக்கொரு உறுப்பு வரைந்து விளையாடிய விளையாட்டும் இதற்கு உறவுதான். தமிழ்ப் பத்திரிகைகள் நெடுங்காலம் நடத்திய வெண்பாப் போட்டிகளும் தலைப்புக் கொடுத்த கவியரங்கங்களும் இதே குடும்பம். கவியரங்கத் தலைப்பு பல கவிஞர்களை வெறும் அடுக்குமொழிக்குள் தள்ளியது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. தலைப்பு தன்னளவில் எதையும் தருவதில்லை. அதை எடுத்துக்கொள்கிறவர் அதோடு எவ்வளவு தூரம் போகிறார் என்பதே விஷயம்.

எவ்வளவு தூரம் போகலாம்? அன்றைய சொல் ‘பறவை’ என்று வைத்துக்கொள்வோம். முதலில் தோன்றுவது கூண்டு. அடுத்தது சிறகு முளைத்த பெண். அடுத்தது பறவைத் தலை வைத்த மனிதன். அதை மீயதார்த்தவாதி மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1930-களிலேயே வேண்டிய மட்டும் செய்துவிட்டார். இந்த மூன்றையும் ஆயிரம் பேர் அன்றைக்கே செய்திருப்பார்கள். தேர்ந்த கொலாஜ்காரர் இவற்றைத் தாண்டித்தான் தேடத் தொடங்குவார். தேடலில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைச் சேர்ந்த பெண்களின் தொப்பி விளம்பரம் ஒன்று அகப்படலாம். அந்தத் தொப்பிகளில் இறகுகள், சில சமயம் முழுப் பறவையே பாடம் செய்து வைக்கப்பட்டிருக்கும். அந்த வியாபாரத்துக்காகக் கொக்குகளும் நாரைகளும் கொத்துக் கொத்தாகக் கொல்லப்பட்டன. அதை எதிர்த்து இங்கிலாந்தில் பெண்கள் 1889-இல் தொடங்கிய சங்கம்தான் இன்றைய அரச பறவைப் பாதுகாப்புச் சங்கமாக வளர்ந்து நிற்கிறது. இவ்வளவும் தெரிந்துவிட்டால், தொப்பியை ஒரு சதுப்பு நிலத்தின் நடுவே கூடாக வைத்து, அதற்குள்ளிருந்து குஞ்சுகள் வாய் பிளப்பதாக ஒரு படம் செய்ய முடியும். ஒரு சாதாரணச் சொல், செய்கிறவரை ஒரு வரலாற்றுக்குள் இழுத்துப் போய்விட்டது. சவாலின் உண்மையான வரவு இந்தத் தேடல்தான். படம் அதன் விளைவு.

கைவேலையின் பக்கமும் சொல்ல வேண்டும். டிஜிட்டல் கொலாஜை எளிது என்று நினைப்பவர்கள் அதன் தொல்லைகளை அறியாதவர்கள். இரண்டு படங்களை அருகே வைத்தவுடன் முதலில் காட்டிக்கொடுப்பது வெளிச்சம். தொப்பிக்கு இடப்பக்கத்திலிருந்து ஒளி, குஞ்சுக்கு வலப்பக்கத்திலிருந்து ஒளி என்றால் கண் உடனே உதறிவிடும். அடுத்தது அச்சின் தடம். பழைய பத்திரிகைப் படம் புள்ளி புள்ளியாக அச்சானது, மரச்செதுக்குப் படம் கோடு கோடாக ஆனது, கைப்பேசிப் படம் வழுவழுவென்று இருப்பது. மூன்றையும் கலந்தால் மூன்று உலகங்கள் முட்டிக்கொள்ளும். அளவும் சிக்கல்தான். ஏ4 தாளில் ஒழுங்காக அச்சடிக்க 2480-க்கு 3508 பிக்சல் வேண்டும். இணையத்தில் கிடைக்கும் படம் அதில் கால்வாசிகூட இருக்காது, இழுத்தால் குழைந்துவிடும். விளிம்பு இன்னொன்று. லாசோ என்ற தேர்வுக் கருவியால் தலைமுடியைச் சுற்றி வெட்டியவர்களுக்குத்தான் அந்தப் பொறுமை தெரியும். அனுபவப்பட்டவர்கள் எல்லாவற்றின் மேலும் பழுப்பேறிய தாளின் படம் ஒன்றை மெல்லிய லேயராகப் பரப்பி, வண்ணங்களை ஒரே குடும்பத்துக்குள் கொண்டுவருகிறார்கள். சிலர் விளிம்பை வேண்டுமென்றே முரட்டுத்தனமாக விட்டு, வெட்டியது வெட்டியதாகத் தெரியட்டும் என்கிறார்கள். இரண்டும் சரிதான். எது என்று தீர்மானிக்காமல் நடுவில் தடுமாறும் படம்தான் சரியில்லாதது.

எர்ன்ஸ்ட் இதில் பெரிய ஆசிரியர். 1933-இல் இத்தாலியில் தங்கியிருந்தபோது மூன்றே வாரங்களில் 182 கொலாஜ்கள் செய்தார். அடுத்த ஆண்டு அவை பாரிசில் ‘கருணை வாரம்’ என்ற பொருள்படும் தலைப்பில் வெளிவந்தன. ஞாயிறு முதல் சனி வரை ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பூதம்: சேறு, நீர், நெருப்பு, இரத்தம், இருள், பார்வை, கடைசி நாளுக்கு அறியாதது. ஏழு நாளுக்கு ஏழு புத்தகம் என்று திட்டமிட்டது ஐந்தோடு முடிந்தது; கடைசி மூன்று நாட்கள் ஒரே புத்தகத்தில் சேர்ந்தன. அவர் எடுத்துக்கொண்ட மூலங்கள் பெரும்பாலும் ஒரே வகை: பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடர்கதைகளின் மரச்செதுக்குப் படங்கள். கோட்டோடு கோடு சேர்ந்துவிடுவதால் அச்சில் ஒட்டுத் தெரியாது. டிராகன் சிறகு ஒரு பெண்ணின் முதுகில் பிறவியிலேயே முளைத்ததாகத் தோன்றும். தலைப்பு ஒரு வேலி, மூலப்பொருள் இன்னொரு வேலி. இரண்டு வேலிக்குள் நின்று மூன்று வாரத்தில் அந்த மனிதர் ஓடிய தூரம் வியப்பானது.

குழுவாக இறங்கும் சவால் தோற்றுப்போய், அதிலிருந்து ஒரு தனி மனிதர் எழுந்துவந்த கதையும் உண்டு. 1963 ஜூலையில், வாஷிங்டன் பேரணிக்குச் சில வாரங்கள் முன்பு, நியூயார்க்கில் கறுப்பின ஓவியர்கள் சிலர் ரோமரே பியர்டனின் ஓவியக்கூடத்தில் கூடி ‘ஸ்பைரல்’ என்ற குழுவைத் தொடங்கினார்கள். உரிமைப் போராட்டம் கொந்தளித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் ஓவியன் என்ன செய்வது என்பது அவர்கள் கேள்வி. எல்லாரும் சேர்ந்து ஒரு கொலாஜ் செய்யலாம் என்றார் பியர்டன்; பத்திரிகைகளில் வெட்டிய படங்களையும் கொண்டுவந்தார். மற்றவர்களுக்கு அதில் நாட்டம் இல்லை. அவர் தனியாகத் தொடர்ந்தார். கண்கள், கைகள், ரயில், ஆப்பிரிக்க முகமூடி, ஹார்லெம் தெருப் படிக்கட்டு எல்லாம் கலந்த சிறு கொலாஜ்கள் பிறந்தன. அவற்றைப் புகைப்பட முறையில் பெரிதாக்கி 1964-இல் காட்சிக்கு வைத்தார். அமெரிக்கக் கலையில் கறுப்பின வாழ்வின் முகம் அந்தப் படங்களுக்குப் பிறகு வேறாயிற்று. ஸ்பைரல் குழு ஒரே ஒரு கண்காட்சிதான் நடத்தியது. 1965-இல் நடந்த அதற்கும் ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டார்கள்: கறுப்பும் வெள்ளையும் மட்டுமே. அந்தக் காலத்தில், அந்த ஊரில், அந்த இரண்டு நிறம் வெறும் நிறமாக இருக்க முடியாது. தலைப்பைத் தேர்ந்தெடுப்பதும் கலைச் செயல்தான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

எண்ணிக்கையையே சவாலாக எடுத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் மேரி டிலேனி 1772-இல், தம் 72-ஆம் வயதில், வண்ணக் காகிதத்தை நுணுக்கி வெட்டி மலர்களின் உருவத்தைக் கறுப்புத் தாளில் ஒட்டத் தொடங்கினார். ஆயிரம் மலர்கள் என்பது இலக்கு. பத்தாண்டு கழித்துக் கண்பார்வை மங்கி நிறுத்தியபோது 985 முடிந்திருந்தன. இன்று அவை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பீப்பிள் என்ற புனைபெயர் கொண்ட அமெரிக்கக் கலைஞர் 2007 மே 1 முதல் நாள் தவறாமல் ஒரு டிஜிட்டல் படம் செய்து, முதல் 5000 படங்களை ஒரே சட்டகத்தில் அடுக்கினார். 2021 மார்ச்சில் அது கிறிஸ்டீஸ் ஏலத்தில் 6 கோடியே 93 லட்சம் டாலருக்குப் போனது. வாங்கியவர் சிங்கப்பூரில் வாழும் தமிழர் விக்னேஷ் சுந்தரேசன். விலையைப் பற்றி உலகம் பேசித் தீர்த்துவிட்டது. பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேலாக ஒருநாளும் விடாத அந்த உழைப்பைப் பற்றிப் பேசியது குறைவு. டிலேனியின் கடைசி மலர்களையும் முதல் மலர்களையும் ஒப்பிட்டால் கை எப்படிப் பழகுகிறது என்று கண்ணால் காணலாம். அன்றாடச் சவாலின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

இனி மூலப்பொருள். டிஜிட்டல் கொலாஜின் பொற்காலத்தைத் தொடங்கிவைத்தது மென்பொருள் என்பதைவிட நூலகங்கள் என்பதே பொருத்தம். 2013 டிசம்பரில் பிரிட்டிஷ் நூலகம் பழம் புத்தகங்களிலிருந்து பிரித்தெடுத்த பத்து லட்சம் படங்களை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் வைத்தது. 2017 பிப்ரவரியில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 3,75,000 படங்களை எந்த உரிமையும் வைத்துக்கொள்ளாமல் விடுவித்தது. 2020-இல் ஸ்மித்சோனியன் 28 லட்சம் படங்களோடு வந்தது. ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் அருங்காட்சியகம் இவர்களுக்கெல்லாம் முன்னாலேயே தன் ஓவியங்களைத் தந்து, இவற்றை வைத்து எதையாவது செய்யுங்கள் என்று போட்டியே நடத்தியது. இவ்வளவு குவியலுக்கு முன்னால் உட்காருகிறவருக்கு ஒரு சொல்லின் கைத்துணை எவ்வளவு அவசியம் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

குவியலில் மனிதர்களும் இருக்கிறார்கள். இதை எல்லாரும் நின்று யோசிக்க வேண்டும். எட்கர் தர்ஸ்டன் 1885 முதல் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். 1909-இல் ரங்காச்சாரியின் துணையோடு அவர் வெளியிட்ட ‘தென்னிந்தியாவின் சாதிகளும் பழங்குடிகளும்’ ஏழு தொகுதிகளும் இன்று இணையத்தில் இலவசம். அவற்றில் தோடர்களும் இருளர்களும் இன்னும் எத்தனையோ சமூகத்தாரும் நேராக நின்று கேமராவைப் பார்க்கிறார்கள். தர்ஸ்டன் மக்களின் மண்டையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தவர். அந்தப் படங்கள் அளவெடுப்பின் ஒரு பகுதி. 1868-க்கும் 1875-க்கும் இடையில் எட்டுத் தொகுதிகளாக வந்த ‘இந்திய மக்கள்’ என்ற ஆங்கிலேய அரசின் புகைப்படத் தொகுப்பும் இப்படிப்பட்டதுதான். படத்தில் இருப்பவர்களிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்கமாட்டார்கள். பலருடைய பெயர்கூட இல்லை. ‘பழைய இந்தியா’ என்று தேடி எடுத்த அப்படியொரு பெண்ணின் தலையை வெட்டிவிட்டு அங்கே ஒரு பூச்செண்டை வைப்பது இன்று மிகச் சாதாரணமாக நடக்கிறது. சட்டப்படி தவறில்லை. ஆனாலும் அது இரண்டாவது முறை அவளை அளப்பது.

பெர்லினில் கொலாஜ் கலைஞர் ஹன்னா ஹோஷ் இந்தச் சிக்கலை நூறு ஆண்டுக்கு முன்பே தொட்டார். உல்ஸ்டைன் பதிப்பகத்தில் பின்னல், பூவேலை மாதிரிகள் வரைந்து சம்பாதித்தவர் அவர். அங்கே வெளியான பத்திரிகைகளே அவருடைய மூலப்பொருள். 1920-இல் தாதா கலை இயக்கத்தின் கண்காட்சியில் வைத்த அவருடைய பெரிய கொலாஜில் ஜெர்மன் அரசியல்வாதிகளும் இயந்திரச் சக்கரங்களும் நடனக்காரிகளும் சுழல்கிறார்கள். வலது கீழ்மூலையில், பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்த ஐரோப்பிய நாடுகளின் சின்ன வரைபடம். அதன் ஓரத்தில் அவருடைய முகம். பின்னால் ‘இனவியல் அருங்காட்சியகத்திலிருந்து’ என்ற வரிசையில், காலனி நாடுகளிலிருந்து வந்த சிற்பங்களின் உறுப்புகளை ஐரோப்பியப் பெண்களின் கண்ணோடும் காலோடும் சேர்த்து, பீடத்தின்மேல் நிறுத்தினார். காட்சிப்பொருளாக்கப்படுவது பெண்ணா, காலனி மக்களா என்ற கேள்வியை எழுப்பியதால் அந்தப் படங்கள் முக்கியமானவை. அந்தக் கேள்வியை எழுப்பவும் அவர் காலனிச் சிற்பங்களையே வெட்ட வேண்டியிருந்தது என்பதால் அவை இன்றும் சங்கடம் தருகின்றன. அந்தச் சங்கடத்தைக் கடக்காமல் அதோடு இருக்கப் பழகுவது கொலாஜ்காரருக்கு நல்லது.

சொந்தப் பெட்டியைத் திறப்பது இன்னொரு வழி. இந்தியக் கலைஞர் விவான் சுந்தரம் 2001-இல் ‘அம்ரிதா: மறுபதிவு’ என்ற வரிசையைத் தொடங்கினார். ஓவியர் அம்ரிதா ஷெர்கில் அவருடைய பெரியம்மா. அம்ரிதாவின் தந்தை உம்ராவ் சிங், மனைவியையும் மகள்களையும் தன்னையும் பல பதிற்றாண்டுகள் புகைப்படம் எடுத்துக்கொண்டே இருந்தவர். அந்தக் குடும்பப் படங்களைக் கணினியில் ஒன்றோடொன்று இழைத்து, வேறு வேறு ஆண்டுகளில் வேறு வேறு ஊர்களில் நின்றவர்களை ஒரே அறையில் சந்திக்க வைத்தார் பேரன். எல்லாம் கறுப்பு வெள்ளை. ஒட்டுத் தெரியாத வேலை. 1941-இல் 28 வயதில் இறந்துபோன அம்ரிதாவை வயதான தகப்பனும் இளம்பிராயத் தகப்பனும் ஒரே நேரத்தில் பார்ப்பதுபோன்ற ஒரு மனநிலை அந்தப் படங்களில் உண்டாகிறது. இந்திய டிஜிட்டல் கொலாஜில் இவற்றுக்கு ஈடான இன்னொரு வரிசையைச் சொல்வது கடினம். தலைப்பு ஒன்றே, மூலப்பொருள் ஒரு பெட்டி மட்டுமே, அந்தப் பெட்டியில் இருப்பவர்களோடு செய்கிறவருக்கு இரத்த உறவு. அதனால்தான் ஒவ்வொரு வெட்டிலும் ஒரு தயக்கம், ஒரு மரியாதை.

செயற்கை நுண்ணறிவு இப்போது சொல்லைக் கொடுத்தால் படத்தையே கொடுத்துவிடுகிறது. ‘பறவை, தொப்பி, பழைய மரச்செதுக்கு’ என்று தட்டச்சு செய்தால் சில நொடியில் எர்ன்ஸ்ட் சாயலில் ஒன்று வந்து நிற்கும். அதைக் கொலாஜ் சவாலுக்கு அனுப்பலாமா என்பது பல இடங்களில் சர்ச்சையாகியிருக்கிறது. இந்தக் கட்டுரையின் நிலைப்பாடு தெளிவானது: கூடாது. கொலாஜில் ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் ஊர் இருக்கிறது. இந்தக் கை 1911-ஆம் ஆண்டு விதைக் கடை விலைப்பட்டியலிலிருந்து வந்தது, இந்த மேகம் அந்த டச்சுக்காரரின் ஓவியத்திலிருந்து வந்தது என்று செய்தவரால் விரல் வைத்துக் காட்ட முடியும். இயந்திரப் படத்துக்குப் பின்னாலும் லட்சக்கணக்கான கைகள் உண்டு. ஒன்றையும் சுட்டிக்காட்ட முடியாது. மூலத்தைச் சொல் என்று ‘கிஃப் இட் அப்’ கேட்பதன் அருமை இங்கே விளங்கும். தேடல்தான் வரவு என்றால், தேடலை விட்டுக்கொடுத்தவருக்கு மிஞ்சுவது என்ன?

தமிழ்நாட்டில் டிஜிட்டல் கொலாஜ் தெரியாதவர் எவரும் இல்லை. காதணி விழாவுக்கும் கட்சி மாநாட்டுக்கும் ஃப்ளெக்ஸ் வடிவமைக்கிற இளைஞர்கள் தலைமுடி பிசிறாமல் ஆளை வெட்டி எடுப்பதில் தேர்ந்தவர்கள். திருமண ஆல்பம் செய்கிறவர்கள் நிழலையும் ஒளியையும் ஒத்திசைப்பதில் கைதேர்ந்தவர்கள். ஒவ்வொரு வேலைக்கும் அவர்களுக்கும் ஒரு தலைப்பும் ஒரு கெடுவும் உண்டு, பெரும்பாலும் அன்றிரவே. அந்தத் திறமைக்கு வாடிக்கையாளர் கேட்டதைத் தவிர வேறொரு சொல் கொடுக்கப்பட்டால் என்ன நடக்கும் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

நம்மிடமும் மூலப்பொருள் கொட்டிக் கிடக்கிறது. கோட்டையூரில் விளம்பரப் பலகை ஓவியராக இருந்த ரோஜா முத்தையா சேர்த்து வைத்த நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும் 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய பத்திரிகைகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டலாம். ஈழத்து எழுத்துகளுக்கு நூலகம் திட்டம் இருக்கிறது. இந்தியச் சட்டப்படி ஒரு புகைப்படம் அதை எடுத்தவர் இறந்து 60 ஆண்டு முடிந்தால் பொதுவுடைமை ஆகிவிடும். ஓவியத்துக்கும் வரைந்தவர் இறந்து 60 ஆண்டுதான். 1950-களின் சோப்பு விளம்பரம், பஞ்சாங்க அட்டை, ரேடியோ விலைப்பட்டியல் என்று எத்தனையோ காத்திருக்கின்றன.

ஒரு சிறுபத்திரிகை மாதத்துக்கு ஒரு தமிழ்ச் சொல்லைக் கொடுத்து, வந்தவற்றில் நான்கை ஒரு பக்கத்தில் அச்சிட்டால் போதும். ‘திண்ணை’ என்று தொடங்கலாம். ‘வெயில்’, ‘கடன்’, ‘மூன்றாம் வகுப்பு’ என்று தொடரலாம். அனுப்புகிறவர்களிடம் ஒன்றை மட்டும் கட்டாயமாகக் கேட்க வேண்டும்: ஒவ்வொரு துண்டும் எந்த இதழில், எந்த ஆண்டில், எந்தப் பக்கத்தில் இருந்தது, படத்தில் இருப்பவர் யார் என்று தெரிந்தால் அவர் பெயர் என்ன என்பதைக் கீழே எழுதி அனுப்புங்கள்.